லயான் டிரி மெஷின் ஜேம் ஆயிட்டா என்ன பண்றது? நம்ம டவுன் ஆளுங்க அடிக்கடி கேட்குற கேள்விங்க

நான் மலேசியாவுல கோல சிலாங்கூர் பக்கம் ஒரு எஸ்டேட் டவுன்ல, சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல வேலை செய்றேன். லயான் டிரி மெஷின், அதாவது நாமளே ஸ்கேன் பண்ணி நாமளே பணம் கட்டுற மெஷின், வந்ததுல இருந்து, மேல சிவப்பு லைட் எரிஞ்சா கழுத்துல மாட்டியிருக்குற கார்டை எடுத்துக்கிட்டு ஓடுற ஆள் நான்தான். தோட்டத்துல இருந்து சாமான் வாங்க வர்றவங்க, பக்கத்து தாமான் (குடியிருப்பு) ஆளுங்க எல்லாரும் கேட்குறது ஏறக்குறைய ஒரே கேள்விங்கதான், கோயில்ல பார்த்தாலும் கேட்குறாங்க, கல்யாண வீட்டுல இலையில உட்கார்ந்திருக்கும்போதும் கேட்குறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணிச்சு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். மெஷின் நின்னுடுச்சுன்னா பெரும்பாலும் அது நீங்க செஞ்ச தப்பு இல்ல. ஆனா வரிசையில நிக்கிறவங்க மெஷினை முறைக்க மாட்டாங்க, உங்களைத்தான் முறைப்பாங்க. அதைப் பார்த்துப் பார்த்து மனசு கஷ்டமாப் போயிதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

கேள்வி: ஒழுங்காத்தானே ஸ்கேன் பண்றேன், அப்புறம் ஏன் பையில ஏதோ தெரியாத சாமான் இருக்குன்னு கத்துது?

நீங்க பை வைக்கிற தட்டுக்கு அடியில ஒரு தராசு இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. கடையில விக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் எவ்வளவு எடைன்னு கம்ப்யூட்டர்ல ஒரு லிஸ்ட் இருக்கும். நீங்க ஒரு டின் சார்டின் ஸ்கேன் பண்ணா, இப்ப தட்டுல இத்தனை கிராம் ஏறணும்னு மெஷின் காத்துக்கிட்டு இருக்கும். ஏறலைன்னா "பையில வைங்க"ன்னு சொல்லும், கூட ஏறிட்டா "தெரியாத சாமான்"னு சொல்லும், வச்சதைத் திரும்ப எடுத்தாலும் கத்தும். அதுக்குத் தெரிஞ்சது எடை மட்டும்தான், உங்க மனசுல என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

இந்த லிஸ்ட் எப்பவும் சரியா இருக்காது, பிரச்சனையே அங்கதான். கம்பெனிக்காரங்க பேக்கட்டை மாத்துவாங்க, 1 கிலோ போட்டது 900 கிராம் ஆகும், பெருநாள் நேரத்துல பால் மாவு பேக்கட்டோட ஒரு கப் இலவசம்னு டேப் போட்டு ஒட்டி அனுப்புவாங்க. பார்கோடு அதேதான், எடை மட்டும் வேற. கடையில யாரும் அந்த லிஸ்டைத் திருத்தலைன்னா அன்னைக்கு அந்தப் பால் மாவு வாங்குற எல்லாருக்கும் சிவப்பு லைட்தான். இன்னொரு பக்கம் ரொம்ப லேசான சாமான். கறிவேப்பிலைக் கட்டு, ஒரு சின்ன மஞ்சத்தூள் பேக்கட், இதெல்லாம் தட்டுல விழுந்ததே தராசுக்குத் தெரியாது.

தராசுன்னு சொன்னா உள்ள இருக்குறது ஒரு சின்ன உலோகக் கட்டை, பாரம் ஏறினா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், அந்த வளைவை அளந்துதான் கிராம் கணக்கு வருது. ஐஸ் கோழியில இருந்து தண்ணி சொட்டி ஓரத்துல தேங்கி நின்னாலோ, ஒரு பழைய ரெசிட் தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவுல சொருகிக்கிட்டாலோ, ஒரு சின்னப் பிள்ளை வந்து தட்டு மேல சாஞ்சிக்கிட்டாலோ போச்சு, கணக்கு தப்பிடும். ஒரு தடவை ஒரே மெஷின் காலையில இருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு, வந்தவங்க எல்லாரும் தடுமாறுறாங்க, கடைசியில தட்டைத் தூக்கிப் பார்த்தா அடியில ஒரு 20 காசு நிமிர்ந்து நின்னு முட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கு. அன்னைக்குக் காலையில இருந்து அந்த மெஷின்ல பேச்சு வாங்குனவங்க யாருமே ஒரு தப்பும் பண்ணலை.

நீங்க செய்யக்கூடியது இவ்வளவுதான்: ஹேண்ட்பேக்கைத் தட்டு மேல வைக்காதீங்க, ஒண்ணு ஸ்கேன் பண்ணி ஒண்ணு வைங்க, அது ஏத்துக்குற வரைக்கும் ஒரு விநாடி பொறுங்க. அதுக்கும் மேல கத்தினா கையை எடுத்துட்டு எங்களைக் கூப்பிடுங்க. சில கடையில இப்ப இந்த எடை பார்க்குறதையே ஆஃப் பண்ணிட்டு மேல கேமரா வச்சிருக்காங்க, அங்க இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: வீட்டுல இருந்து துணிப்பை கொண்டு போறேன், அதுக்கும் கத்துதே?

ஸ்கேன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சொந்தப் பை இருக்குன்னு ஒரு பட்டன் வரும், அதை அழுத்திட்டு பையை வைங்க, பை கனமா இருந்தா அதுக்கும் நாங்க வந்து ஓகே பண்ணணும். சிலாங்கூர்ல 2017 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் பைக்கு 20 காசு, பையைக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டு பை கொண்டு வந்தா அலாரம் அடிக்கிற மாதிரி வச்சிருக்குறது நியாயமே இல்ல. இதை மேனேஜர்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

கேள்வி: பார்கோடு எத்தனை தடவை காட்டினாலும் படிக்க மாட்டேங்குது. எனக்குக் காட்டத் தெரியலையா?

உங்களுக்கு நல்லாவே தெரியுது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த பேக்கட்ல பனி படிஞ்சு கோடு மறைஞ்சிருக்கும், கையால துடைச்சிட்டுக் காட்டுங்க. சுருங்கின பேக்கட்டை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சுக் காட்டுங்க. மீன், கோழி, காய்கறி நிறுத்து ஒட்டுற ஸ்டிக்கர் இருக்கே, அது மையில அச்சடிக்கிறது இல்ல, சூடு பட்டா கறுப்பாகுற பேப்பர். ஈரமும் எண்ணெயும் வெயிலும் பட்டா வெளுத்துப் போகும். நெத்திலி வாங்கி கையில பிடிச்சுக்கிட்டு கடை முழுக்க சுத்தி வந்தா, கவுண்டருக்கு வர்றதுக்குள்ள ஸ்டிக்கர் கசங்கிப் போயிருக்கும்.

பார்கோடு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பயம் போயிடும், அதனால கொஞ்சம் சொல்றேன். கோட்டுக்குக் கீழ 13 நம்பர் இருக்கும். முதல் மூணு 955ன்னு இருந்தா அந்த நம்பரை மலேசியாவுல பதிஞ்சு வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம், சாமான் இங்கதான் செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. 2ன்னு ஆரம்பிச்சா கடைக்காரங்களே போட்டது, நிறுத்து விக்கிற சாமானோட விலையோ எடையோ அந்த நம்பருக்குள்ளயே இருக்கும். கடைசி நம்பர் ஒரு காவல்காரன். முன்னாடி இருக்குற 12 நம்பரை ஒண்ணு விட்டு ஒண்ணு 1ஆலயும் 3ஆலயும் பெருக்கிக் கூட்டினா வர்ற கணக்கு, கடைசி நம்பரோட சேர்ந்து பூஜ்யத்துல முடியணும். உதாரணத்துக்கு 955123456789ன்னு எடுத்துக்குங்க, கூட்டினா 124 வரும், 130 ஆக இன்னும் 6 வேணும், அதனால கடைசி நம்பர் 6. மெஷின் ஒரு நம்பரைத் தப்பாப் படிச்சாலும் இந்தக் கணக்கு ஒத்து வராது, பீப் சத்தமும் வராது. முதல் பார்கோடு கடை கவுண்டர்ல பீப் அடிச்சது 1974 ஜூன் 26, அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம் ட்ராய்ங்குற ஊர்ல, ஒரு சூயிங்கம் பேக்கட். அன்னைக்கு இருந்த அதே கணக்குதான் இன்னைக்கும் ஓடுது.

கேள்வி: பீப் அடிச்சிடுச்சு, ஆனா ரேக்ல ஒரு விலை மெஷின்ல ஒரு விலை. எதை நம்புறது?

பார்கோடுக்குள்ள விலை கிடையாது, இப்பதான் சொன்னேன், நிறுத்து விக்கிற ஸ்டிக்கர் மட்டும்தான் வேற மாதிரி. மத்த எல்லாத்துக்கும் விலை கம்ப்யூட்டர்ல இருந்து வருது. ஹெட் ஆபீஸ்ல விலையை மாத்துனா ராத்திரியே கடை கம்ப்யூட்டருக்கு வந்துடும், ஆனா ரேக்ல இருக்குற டேக்கை காலையில ஒரு ஆள் நடந்து போய் மாத்தணும். ஆள் பத்தலைன்னா ரெண்டு நாள் பழைய டேக்கே தொங்கும். புரமோஷன் முடிஞ்ச மறுநாள்தான் இந்தச் சண்டை அதிகம்.

நீங்க ரேக் டேக்கை ஹேண்ட்போன்ல படம் எடுத்துட்டு வந்து காட்டுங்க, டேக் விலைக்கே கொடுங்கன்னு கேளுங்க. விலையைக் காட்டி வைக்கிறது கடைக்காரர் கடமை, தப்பான விலையைக் காட்டி விக்கிறது 1999ஆம் வருஷத்து பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற விஷயம். தீபாவளி நேரத்துல அரசாங்கம் சில சாமானுக்கு உச்ச விலை போடும், பட்டியல் வருஷா வருஷம் மாறும், அந்தச் சமயத்துல ரெசிட்டை இன்னும் கவனமாப் பாருங்க. ரெசிட்டைக் கடைக்கு உள்ளயே நின்னு பார்க்குறதுல ஒரு வெட்கமும் வேண்டாம். மெஷின்ல கேஷியர் இல்லாததால யாரும் வாய்விட்டு விலை சொல்றது இல்ல, அதனாலயே வித்தியாசம் கண்ணுல படாம வீடு வரைக்கும் போயிடுது, ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) மூணு வெள்ளின்னாலும் அது மரம் வெட்டி, பழம் பொறுக்கிச் சம்பாதிச்ச காசு.

கேள்வி: கார்டு தட்டினேன், ஹேண்ட்போன்ல பணம் போயிடுச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு, மெஷின்ல ககால்னு (பணம் கட்டுறது நடக்கலைன்னு) வருது. திரும்ப கட்டணுமா?

உடனே கட்டாதீங்க. ஆளுங்க அதிகமா நஷ்டப்படுறது இங்கதான்.

நீங்க கார்டு தட்டினவுடனே மெஷின்ல இருந்து செய்தி உங்க பேங்குக்குப் போய், பேங்க் சரின்னு சொல்லி, அந்த பதில் திரும்ப மெஷினுக்கு வரணும். போற வழியில லைன் நல்லா இருந்து, வர்ற வழியில லைன் போயிடுச்சுன்னா பேங்க் பணத்தைப் பிடிச்சு வச்சிருக்கும், மெஷினுக்குப் பதில் வந்திருக்காது. மெஷின் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துட்டு ககால்னு போட்டுடும். இந்த மாதிரி விட்டுப்போன பணம் பெரும்பாலும் தானா ரிவர்ஸ் ஆகும், ஆனா உடனே ஆகாது, சில சமயம் சில நாள் கூட ஆகும். கியூஆர் ஸ்கேன் பண்றதுல இன்னும் ஒரு சிக்கல். கார்டுல கடை பணத்தைக் கேட்டு இழுக்குது, டூயிட்நவ்னு சொல்ற பேங்க் ஆப் கியூஆர்ல நீங்கதான் உங்க ஹேண்ட்போன்ல இருந்து தள்ளி விடுறீங்க. நீங்க தள்ளினது போய்ச் சேர்ந்திருக்கும், சேர்ந்துச்சுன்னு மெஷினுக்குத் தகவல் மட்டும் வராம நின்னிருக்கும்.

அதனால அந்த இடத்துலயே நில்லுங்க. உங்க ஆப்பைத் திறந்து வெற்றின்னு காட்டுதா, ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, படம் எடுத்து வைங்க, மெஷின் ஸ்கிரீனையும் படம் எடுங்க. எங்களைக் கூப்பிட்டா கடை பக்கத்து சிஸ்டத்துல அந்தப் பணம் வந்திருக்கான்னு பார்க்க முடியும். வந்திருந்தா சாமானை எடுத்துட்டுப் போகலாம். வரலைன்னா, ரெஃபரன்ஸ் நம்பரோட ஒரு பேப்பர்ல எழுதி சைன் வாங்கிக்கிட்டுப் போங்க. கூட்டமா இருக்கு, அப்புறம் வாங்கன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, ரெண்டு நிமிஷ வேலை அது. பணம் திரும்பலைன்னா முதல்ல பேங்க்லதான் கம்ப்ளைன்ட் கொடுக்கணும், பேங்க் பதில் திருப்தி இல்லைன்னா இந்த மாதிரி புகாரை விசாரிச்சுத் தீர்த்து வைக்கிற நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேன் சேவைன்னு ஒண்ணு இருக்கு, 2025 ஜனவரியில இருந்து அந்தப் பேர்ல நடக்குது, தனி ஆளுங்ககிட்ட ஃபீஸ் வாங்குறது இல்ல. பேங்க் சிஸ்டமே விழுந்து கிடக்குறதுக்கும் ஒரு கணக்கு உண்டு, நாட்டோட மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதிப்படி வாடிக்கையாளரைத் தொடுற சேவை சொல்லாம கொள்ளாம நிக்கிறது 12 மாசத்துல எல்லாம் சேர்த்து 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு தடவைக்கு 120 நிமிஷம்தான் உச்சம்.

இன்னொண்ணு, 250 வெள்ளிக்கு மேல போனா கார்டை வெறுமனே தட்டினா போதாது, பின் நம்பர் கேட்கும். மாசச் சாமான் மொத்தமா வாங்குறப்ப இது வரும், கார்டு கெட்டுப் போச்சுன்னு பயந்துடாதீங்க.

கேள்வி: மெஷின்ல காசு போட முடியுமா?

எங்க கடையில முடியாது, நிறைய இடத்துல அப்படித்தான். நோட்டு வாங்குற மெஷின் விலையும் அதிகம், மடங்கின நோட்டு ஈரமான நோட்டு மாட்டிக்கிட்டு அடிக்கடி நின்னும் போகும். கவுண்டர்ல காசு கொடுத்தா 1 காசு 2 காசு எல்லாம் பக்கத்து 5 காசுக்கு மாத்திக் கணக்குப் போடுவாங்க, அது 2008 ஏப்ரல்ல வந்த முறை. கார்டுல கட்டினா சரியா எத்தனை காசோ அத்தனை. அதனால ஒரே சாமானுக்கு ரெண்டு பேர் ரெசிட் லேசா வேற மாதிரி இருக்கும், அது ஏமாத்து இல்ல.

கேள்வி: சாரா காசு (சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்குற உதவி) ஐசியில (அடையாளக் கார்டுல) இருக்கு, மெஷின்லயே கழிக்கலாமா? போன தடவை ரொம்ப நேரம் நின்னோம்.

எங்க கடையில ஆள் இருக்குற கவுண்டர்ல மட்டும்தான். ஐசியை ரீடர்ல சொருகணும், அப்புறம் நீங்க வாங்குறது சாரா காசுல வாங்கக்கூடிய பட்டியல்ல இருக்கான்னு சிஸ்டம் பார்க்கும்.

அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். 2025 ஆகஸ்ட் 31, சுதந்திர தினம், 18 வயசுக்கு மேல இருக்குற எல்லா குடிமக்களுக்கும் 100 வெள்ளி ஐசியில போட்டுத் திறந்து விட்டாங்க. நல்ல உதவி, நான் குறை சொல்லலை. ஆனா நாடு முழுக்க ஒரே நாள்ல கடைக்குப் போனா என்ன ஆகும், சிஸ்டம் திணறிடுச்சு, நிறைய இடத்துல பணம் கழிக்கவே முடியலை. எங்க வரிசை கடை வாசல் தாண்டி மோட்டோ நிறுத்துற இடம் வரைக்கும் போச்சு. ட்ராலியில அரிசி, எண்ணெய், முட்டை, பிஸ்கட் எல்லாம் எடுத்து வச்சுட்டு ஒரு பெரியவர் ரீடரையே பார்த்துக்கிட்டு நிக்கிறார், சிப்பை சட்டையில துடைச்சுத் துடைச்சுச் சொருகுறார், "என் ஐசி பழசு அதான் போல"ன்னு திரும்பத் திரும்பச் சொல்றார். ஐசிக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா, எல்லாருக்கும் இப்படித்தான்னு சொன்னா நம்ப மாட்டேங்குறார். கடைசியில அரிசியை மட்டும் கையில இருந்த காசுக்கு வாங்கிட்டு மத்ததை அவரே ரேக்ல திரும்ப வச்சுட்டுப் போனார்.

இனிமே இந்த மாதிரி காசு போட்டா முதல் நாளே ஓடாதீங்க. கடைசித் தேதியைப் பார்த்துக்குங்க, அந்த 100 வெள்ளிக்கு டிசம்பர் 31 வரைக்கும் டைம் இருந்துச்சு. காலையில சீக்கிரமோ வார நாள்லயோ போனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். சிப் அழுக்கா இருந்தா உலர்ந்த துணியால துடைச்சா போதும், தண்ணி வேண்டாம்.

கேள்வி: சில நேரம் எல்லா மெஷினும் ஒண்ணா செத்துப் போகுதே, அது எப்படி?

லயான் டிரி மெஷினைத் திறந்து பார்த்தா உள்ள இருக்குறது சாதாரண கம்ப்யூட்டர்தான், நிறைய மெஷின்ல விண்டோஸ்தான் ஓடும். எல்லாமே கடை உள்ள இருக்குற ஒரு சர்வரோட சேர்ந்திருக்கும், அந்த சர்வர் ஹெட் ஆபீஸோட சேர்ந்திருக்கும். நடுவுல எது அறுந்தாலும் வரிசையா நிக்கும். நம்ம பக்கம் இடியும் மின்னலும் சொல்லவே வேண்டாம், சாயங்காலம் ஒரு இடி இடிச்சா ட்ரிப் ஆயிடும், கரன்ட் அஞ்சு நிமிஷத்துல வந்தாலும் மெஷின் எழுந்து, சர்வரைத் தேடி, தராசை ஜீரோ பண்ணி, கார்டு ரீடரைக் கண்டுபிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். ரோடு வெட்டுற லோரி ஃபைபர் கேபிளை வெட்டிட்டுப் போனதும் உண்டு.

உலக அளவுல பெருசா நடந்தது 2024 ஜூலை 19. க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஒரு அப்டேட் ஃபைல்ல கோளாறு, அதை வாங்கின விண்டோஸ் கம்ப்யூட்டருங்க நீல ஸ்கிரீன்ல நின்னுடுச்சு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கம்ப்யூட்டர். ஆஸ்திரேலியாவுல சூப்பர்மார்க்கெட் கவுண்டருங்க நின்னுச்சு, நம்ம கேஎல்ஐஏ விமான நிலையத்துல ஏர்லைன்காரங்க கையால செக்-இன் பண்ணாங்க. தப்பான ஃபைலை அவங்க ஒன்றரை மணி நேரத்துக்குள்ள நிறுத்திட்டாங்க, ஆனா விழுந்த கம்ப்யூட்டரை நிறைய இடத்துல ஒரு ஆள் நேர்ல போய் ஒவ்வொண்ணாத் திறந்து அந்த ஃபைலை அழிக்க வேண்டியதாப் போச்சு. பெரிய பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமைன்னா, நம்ம டவுன் கடையில ஒரு டெக்னீஷியன் ஷா ஆலாம்ல இருந்து வந்து சேர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

சாதாரண கவுண்டர் இந்த விஷயத்துல மேல். லைன் போனாலும் விலை லிஸ்ட் கடைக்குள்ளயே இருக்குறதால காசு வாங்கி வியாபாரம் பண்ணலாம். நம்ம தோட்டத்து மளிகைக் கடையில இருந்த 555 புக்கு, அந்தக் கடன் எழுதுற சின்ன நோட்டு மாதிரின்னு வச்சுக்குங்க, கரன்ட் இல்லாட்டியும் தவுக்கே (கடை முதலாளி) பென்சில் எடுத்து எழுதிக்கிட்டு சாமானைக் கொடுத்துடுவாரு. மெஷின் மட்டும் இருக்குற கடையில அன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் கிடைக்காது. அதனால கையில ஒரு ஐம்பது வெள்ளியாவது எப்பவும் நோட்டா வச்சுக்குங்க, முக்கியமா மழைக் காலத்துல.

கேள்வி: பீர் வாங்கினா மட்டும் ஏன் ஆளைக் கூப்பிடச் சொல்லுது?

மதுவுக்கு 21 வயசு ஆகணும், 2017 டிசம்பர்ல 18ல இருந்து ஏத்துனாங்க. வயசை ஆள்தான் பார்க்கணும். நரைச்ச தலையோட வர்றவங்களுக்கும் லைட் எரியும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: மெஷின் கத்தினவுடனே செக்யூரிட்டி ஓடி வந்து பையைக் கொட்டச் சொன்னாரு. எல்லாரும் பார்த்தாங்க. ரொம்ப அவமானமா இருந்துச்சு. இது சரியா?

சரி இல்ல. நான் கடையில வேலை செய்ற ஆளா இருந்தும் சொல்றேன், சரியே இல்ல.

எங்க ஏரியா பாட்டி ஒருத்தங்க, பேரன் வெளியூர்ல வேலை செய்றான், தனியாத்தான் வருவாங்க. அன்னைக்கு ஆள் இருக்குற கவுண்டர் எல்லாம் மூடி இருந்துச்சு, மதியச் சாப்பாட்டு நேரம். மெஷின்ல ஒரு கட்டு கறிவேப்பிலை ஸ்கேன் பண்ணி வச்சாங்க, தராசுக்குத் தெரியலை, "பையில வைங்க"ன்னு மலாய்ல சொல்லுது, வச்சுட்டேன்னு இவங்க தமிழ்ல மெஷின்கிட்ட சொல்றாங்க. திரும்பச் சொல்லுது. எடுத்து இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணாங்க, இப்ப ரெண்டு கட்டுன்னு கணக்கு, ஒண்ணுதான் இருக்கு, சிவப்பு லைட். நான் ஸ்டோர்ல இருந்து வர்றதுக்குள்ள பக்கத்துல நின்ன செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொல்லிட்டாரு. அவங்க பையைத் திறக்கலை, இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பையைத் திறந்து, மடிச்சு மடிச்சு வச்சிருந்த நோட்டை எல்லாம் மெஷின் மேல எடுத்து வச்சு, "எடுத்துக்கய்யா, எவ்வளவுன்னு எடுத்துக்க"ன்னு சொன்னாங்க. கறிவேப்பிலை ஒரு வெள்ளி கூட வராது. அவங்க விரல் நடுங்கினது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

சிவப்பு லைட்னா எடை ஒத்து வரலைன்னு மட்டும்தான் அர்த்தம், அதுக்கு மேல அதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதை வச்சு ஒருத்தரைத் திருடர்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. உங்களுக்கு இப்படி நடந்தா, பையை நீங்களே கொட்டாதீங்க. "மெஷினைப் பார்த்துக்குற ஆளைக் கூப்பிடுங்க, ஸ்கிரீன்ல இருக்குற லிஸ்டையும் சாமானையும் அவங்க ஒத்துப் பார்க்கட்டும்"னு சத்தமா, மரியாதையா சொல்லுங்க. அப்புறமும் விடலைன்னா மேனேஜரைக் கேளுங்க. தனி ரூமுக்கு வான்னு சொன்னா தனியாப் போகாதீங்க, சந்தேகம் இருந்தா போலீஸைக் கூப்பிடுங்கன்னு சொல்லுங்க. வரிசையில பின்னாடி நிக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: நம்ம ஆளு யாராவது இப்படி மாட்டிக்கிட்டா 'ச்ச'ன்னு சலிச்சுக்காம பக்கத்துல போய் நில்லுங்க, நீங்க சும்மா நின்னாலே அவங்களுக்குத் தைரியம் வரும்.

கேள்வி: இந்த மெஷின் வந்ததால கேஷியர் வேலை போயிடுமா? வெளிநாட்டுல எப்படி?

இந்த மெஷின் புதுசு இல்ல, 1986லயே அமெரிக்காவுல அட்லாண்டா பக்கம் ஒரு க்ரோகர் கடையில வச்சாங்க, டேவிட் ஹம்பிள்னு ஒருத்தர் உருவாக்கினது. சம்பளச் செலவைக் குறைக்கத்தான் முதலாளிங்க வைக்கிறாங்க, இங்க குறைஞ்சபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியில 1,700 வெள்ளி ஆச்சு, உடனே மெஷினைப் பத்தின பேச்சும் கூடிடுச்சு. ஆனா மெஷினைப் பார்த்துக்க ஆள் வேணும்ல. நாலு மெஷினுக்கு ஒரு ஆள்னு போட்டா, நாலும் ஒரே நேரத்துல கத்தும்போது அந்த ஒரு ஆள் என்ன பண்ணுவாரு? இங்கிலாந்துல பூத்ஸ்னு ஒரு சூப்பர்மார்க்கெட் கம்பெனி 2023 நவம்பர்ல ரெண்டு கடையைத் தவிர மத்த எல்லாக் கடையிலயும் இந்த மெஷினை எடுத்துட்டு ஆளுங்களையே வைக்கிறோம்னு அறிவிச்சாங்க. முடியாதுன்னு இல்ல, முதலாளி மனசு வைக்கணும்.

எங்க டவுன்ல தமிழ்ப் பள்ளியில ஆறாவது வரைக்கும் படிச்சுட்டு நேரா தோட்டத்துக்குப் போன பெரியவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அந்த மெஷின் மலாய், இங்கிலீஷ், சில இடத்துல சீனம் பேசுது. இந்த டவுனைச் சுத்தி இருக்குற தோட்டத்து ஆளுங்க காசுலதான் அந்தக் கடை ஓடுது, தமிழ்ல நாலு வரி பதிவு பண்ணிப் போட எவ்வளவு செலவாகப் போகுது? நான் கேட்டிருக்கேன், இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீங்களும் கடை ஃபீட்பேக் பெட்டியில எழுதிப் போடுங்க, வேலைக்காரன் சொல்றதை விட வாங்குறவங்க சொல்றதுக்குத்தான் மதிப்பு.

கேள்வி: அம்மாவுக்குப் பழக்கி விடலாம்னு பார்க்குறேன், நல்லதா?

அவங்களுக்கு ஆசை இருந்தா பழக்கி விடுங்க, கூட்டம் இல்லாத நேரமா பார்த்து, பார்கோடு நல்லாத் தெரியுற ரெண்டு மூணு சாமானோட. டின்னு, சோப்பு, பிஸ்கட் மாதிரி. காய்கறி நிறுக்குற சாமானோட ஆரம்பிக்காதீங்க. நீங்களே எல்லாத்தையும் டக்கு டக்குனு அழுத்திட்டு "இவ்வளவுதாம்மா"ன்னு சொல்லிட்டு வராதீங்க, அவங்க கை அழுத்தட்டும். ஆசை இல்லைன்னா விட்டுடுங்க, வற்புறுத்தாதீங்க. ஆள் இருக்குற கவுண்டருக்குப் போறது அவங்க உரிமை. மூடி இருந்தா "ஒரு கவுண்டர் திறங்க"ன்னு கேட்கச் சொல்லிக் கொடுங்க, அதைக் கேட்கப் பழகினாலே பாதி கஷ்டம் தீர்ந்துடும். எங்களைக் கேட்டா நாங்க திறப்போம்.

கேள்வி: கடை ஒண்ணும் செய்யலைன்னா எங்க புகார் பண்றது?

முதல்ல ரெசிட், படம், தேதி, நேரம், எந்த மெஷின் நம்பர்னு எழுதி வச்சுக்குங்க, மெஷின் மேலயோ பக்கத்துலயோ ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். கடை மேனேஜர்கிட்ட எழுத்துல கொடுங்க. விலை தப்பு, காசு கூட எடுத்தது மாதிரி விஷயத்துக்கு உள்நாட்டு வாணிப அமைச்சு இருக்கு, கேபிடிஎன்னு சொல்லுவாங்க, அவங்க இ-அடுவான் வெப்சைட்ல போடலாம், இல்லைன்னா மாவட்ட ஆபீஸுக்கு நேர்ல போகலாம். நஷ்டத்தைத் திரும்ப வாங்கணும்னா பயனீட்டாளர் கோரிக்கை மன்றம், த்ரிபுனால்னு சொல்றது, 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, பதிவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல, நடந்து 3 வருஷத்துக்குள்ள போடணும். பேங்க் பணம்னா மேல சொன்ன மாதிரி பேங்க், அப்புறம் ஒம்புட்ஸ்மேன்.

ஃபாரம் மலாய்லதான் இருக்கும், நிரப்பத் தெரியலைன்னா சாயங்காலம் என் ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் கடை வாசல்ல வந்து பாருங்க, உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்குறேன், ரெசிட்டை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க, அந்தப் பேப்பர் சீக்கிரம் வெளுத்துடும், அதனால வாங்கின அன்னைக்கே படம் எடுத்து வச்சுடுங்க.